தண்ணீர்த் துளிக் காலண்டர்

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க. உள்ள தெரியிறீங்க" என்றாள் மகள்.

எதற்குள் என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பால்கனிக் கம்பியில் ஊறிக் கிடந்த துண்டை எடுத்துப் பிழியலாம் என்று போயிருந்தேன். அவள் முழங்காலிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் நட்டிருந்த மணி பிளான்ட்டின் இலை நுனிக்கு ஓர் அங்குல தூரத்தில் போனைப் பிடித்திருந்தாள். நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோனதும் திரையில் தானாகவே ஒரு சின்னப் பூவின் அடையாளம் வருகிறது. மற்றதை போன் பார்த்துக்கொள்கிறது. எடுத்ததை எனக்குக் காட்டினாள். துளிக்குள் தலைகீழாக ஓர் ஆள். லுங்கி, தொப்பை, தோளில் துண்டு. நல்ல படம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அதை அழித்துவிட்டு, நான் நகர்ந்ததும் இன்னொன்று எடுத்தாள். இரண்டாவது இன்னும் நன்றாக வந்திருந்தது. துளிக்குள் வெறும் வானம்.

துண்டைப் பிழியாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். கல்யாண ஆல்பம் அடுக்குவது என் தொழில். வாரத்தில் ஆறு நாள், யாரோ யாருக்கோ தாலி கட்டுவதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் முகப்பருவை அழித்துக்கொண்டிருப்பேன். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து எதையாவது பார்ப்பதற்கே அலுப்பாக இருக்கும். ஆனால் மடியில் கிடந்த ஈரத் துண்டிலிருந்து ஒரு வாடை வந்தது. சரியாகக் காயாத துணியின் புளிச்ச வாடை. அது என்னை அந்தமானுக்கு, நாங்கள் குடியிருந்த லம்பா லைனுக்குக் கொண்டுபோய்விட்டது.

போர்ட் பிளேரில் துண்டு காயாது. மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பரில்தான் ஓயும். துண்டு, தலையணை, பெல்ட், செருப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். அந்த மழையை வைத்துக்கொண்டு குழாயில் மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கூரைத் தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "பானி வருமா வராதா" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருப்போம். மெயின்லேண்டுக்கு வந்த புதிதில் இதை விளக்கிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

துணிக்கே பூஞ்சை என்றால் லென்ஸ் எம்மாத்திரம். நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளி ஒரு வங்காளி. எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். அவரும் நானும் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். இருவருமே தப்பும் தவறுமாக. ஒருநாள் ஒரு பழைய லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்கண்ணாடியில் மரவேர் பரவியதுபோலப் பூஞ்சை ஓடியிருந்தது. "காராப் ஹோ கயா, லே ஜா" என்று என் கையில் வைத்துவிட்டார். கெட்டுப்போனது, கொண்டு போ. எனக்குக் கிடைத்த சொத்துகளெல்லாம் அந்த வகைதான்.

பூஞ்சை மேலும் பரவாமலிருக்க லென்ஸை அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்த அரிசி டின்னில், துணியில் சுற்றிப் புதைத்து வைத்தேன். அம்மா சோறு வடிக்க அரிசி அளக்கையில் கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

"சோத்துல கண்ணாடித் துண்டு கெடந்தா ஒன்னியத்தான் திங்க வைப்பேன்" என்றாள்.

சொன்னாளே தவிர, எடுத்துப் போடவில்லை. அரிசியை ஒதுக்கி அளந்துவிட்டு, திரும்பப் புதைத்து வைப்பாள். ஆக, அந்த லென்ஸ் சில வருஷங்கள் எங்கள் வீட்டில் அரிசியோடு குடியிருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது இலங்கை மலைத்தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில். கொழுந்து பறித்தவள். கல்யாணமான கையோடு, இரண்டு அரசுக்கும் ஒப்பந்தம் வந்துவிட்டது, நீங்கள் இந்தியா போக வேண்டியவர்கள் என்றார்கள். கப்பலேறி இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இன்னொரு கப்பலில் நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவு. அங்கே அரசு ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கும் அவளுக்கும் பால்வெட்டு வேலை. நான் பிறந்தது அங்கேதான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான் படிப்பை முடித்து போர்ட் பிளேருக்கு ஸ்டுடியோ வேலைக்கு வந்துவிட்டேன். அம்மா மட்டும் மரங்களோடு அங்கேயே இருந்தாள். சுனாமி வந்த காலை விறகு பொறுக்க மேட்டுப் பக்கம் போயிருந்ததால் பிழைத்தாள். வீடும் பெட்டியும் போயின. மீட்புக் கப்பலில் கொண்டுவந்து போர்ட் பிளேரில் முகாமில் இறக்கினார்கள். தேடிப் போனபோது, இரவல் சேலையைக் கட்டிக்கொண்டு யாருடைய பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த முகாமில் நிவாரண அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. தாதா என்னை அனுப்பினார். வரிசையாக ஆட்கள் வருவார்கள், கையில் பெயரும் தீவும் எழுதிய சிலேட்டைப் பிடிப்பார்கள், நான் அழுத்துவேன், அடுத்த ஆள். மூன்றாம் நாள் வரிசையில் அம்மா வந்தாள். மற்றவர்களைப் போலவே சிலேட்டைப் பிடித்தாள். நானும் மற்றவர்களை எடுத்ததுபோலவே எடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், வெயில் வேறு. நெகட்டிவோடு சேர்த்து ஒப்படைத்துவிட வேண்டும் என்பது பேச்சு, ஒப்படைத்துவிட்டோம். பிற்பாடு முகாமைவிட்டு வந்தபோது அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கட்சாலுக்கு இப்போதைக்குப் போக முடியாது என்று ஆனதும், லம்பா லைனில் இரண்டு அறை வீடு ஒன்று பிடித்து அவளைக் கூட்டிவந்தேன். வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஸ்டுடியோவிலிருந்து கேமராவை எடுத்துவந்து, "அம்மா, அப்படி வாசல்ல நில்லு, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேணாந் தம்பி. படம் எடுத்தா ஊர் போயிரும்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல் மடக்கினாள். "கண்டியில பாஸ்போட்டுக்குன்னு ஒங்கப்பாவையும் என்னையும் ஒக்கார வச்சு ஒன்னு புடிச்சாங்க. மலை போச்சு. மண்டபம் முகாம்ல ஒன்னு புடிச்சாங்க. கட்சாலுக்கு ஏத்திவிட்டாங்க. மூணாவது நீ புடிச்ச. கட்சாலும் போச்சு." மடக்கிய மூன்று விரலையும் என் முன்னால் நீட்டினாள். "என்னாத்துக்கு நாலாவது? இங்கனயே கெடந்துட்டுப் போறேன்."

முதல் படம் எடுத்ததால் மலை போகவில்லை, மலை போகப்போவதால்தான் படம் எடுத்தார்கள் என்று வழக்குரைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி என்று கேட்டுக்கொண்டாள். முந்தானையை மட்டும் இறக்கவில்லை. அதற்கப்புறம் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வருகிற நாளிலெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அந்தத் தேதிகள் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

பாருங்கள், ஊரில் பாதிப் பேரை எடுத்தவன் நான். கடை லைசென்சுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கப்பல் பாஸுக்கு, எல்லாம் என் கையால்தான். காதைக் காட்டுங்கள், தாடையை இறக்குங்கள் என்று நாளெல்லாம் சொல்லுவேன். வீட்டில் ஒரே ஓர் ஆளை எடுக்க முடியவில்லை. சுனாமியில் அப்பா படமும் போய்விட்டதால், இவளுடைய ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆசை நிற்கவில்லை.

செடிகளைப் படம் எடுக்க அவளுக்கு ஆட்சேபம் இல்லை. "செடிக்கு எந்த ஊரா இருந்தா என்னா?" என்றாள்.

அவள் பெயின்ட் டப்பாக்களில் வல்லாரை, புதினா என்று ஏதேதோ வைத்திருந்தாள். அவள் வைக்காமலே முளைத்தவை அதைவிட அதிகம். சுவரில் பாசி, தகர வேலியின் மடிப்பில் நகக்கண் அளவு பெரணி. கண்ணாடிபோலத் தண்டுள்ள ஒரு குட்டிச் செடி. மலையாளிப் பிள்ளைகள் அதை ஒடித்துத்தான் சிலேட்டு அழிப்பார்கள். அந்த ஊர் ஈரத்தில் எதையும் நட வேண்டியதில்லை, சும்மா விட்டால் போதும்.

தாதா டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார். பூஞ்சை லென்ஸை முன்பின்னாகத் திருப்பி, கேமராவின் வாயில் வைத்து எலக்ட்ரிக் டேப்பைச் சுற்றினால் எறும்பின் மீசை தெரியும். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று ஞாபகமில்லை. அப்படித் திருப்பிவிட்டால் லென்ஸ் சொன்னபேச்சு கேட்காது. வளையத்தைத் திருகித் தெளிவு பார்க்க முடியாது. நம் தலையைத்தான் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மூச்சு விட்டால் போச்சு. நூலளவு ஆழத்துக்குத்தான் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கல். சுனாமிக்கப்புறம் அடிக்கடி வந்த சின்னச் சின்ன நில அதிர்ச்சிகளில் எத்தனை படம் கலங்கியது என்று கணக்கில்லை. கலங்கியதற்கெல்லாம் நில அதிர்ச்சியின் மேல் பழி போட்டுக்கொள்வேன். அது ஒரு வசதி.

துளி வைப்பது அம்மாவின் வேலை. முதலில் நான்தான் ஸ்பிரே பாட்டிலால் அடித்தேன். இலை முழுக்க சொதசொதவென்று ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தவள், வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை எடுத்து, உதட்டைக் குவித்துப் பூவாக ஊதினாள். பாசியின் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு துளி நின்றது. ஒற்றைத் துளி வேண்டுமென்றால் ஈர்க்கு. நுனியைத் தண்ணீரில் தொட்டு, பெரணி இலையின் நுனியில் எந்த இடத்தில் சொல்கிறேனோ அந்த இடத்தில் வைப்பாள். கை நடுங்காது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கை அது. பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. "ஒரு நூலு உள்ள போனாலும் மரத்துக்குக் காயம்" என்பாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடிய அந்த நூலளவு அவளுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம்.

இடத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சமையலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுத் தகர வேலிக்கும் நடுவில் ஒரு சந்து. ஓர் ஆள் போகலாம், எதிரே இன்னோர் ஆள் வர முடியாது. சந்தின் ஒரு முனையில் எங்கள் பின்வாசல், மறு முனையில் மதில், அங்கே குழாய். நடுவில் பலகை போட்டுச் செடி டப்பாக்கள். வாசல் பக்கம் நான் கேமராவோடு படுத்துக்கிடப்பேன். அம்மா குழாய்ப் பக்கம் நின்று துளியை வைப்பாள். வைத்துவிட்டு எங்கே போவது? என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக முடியும். நான் தரையோடு கிடக்கிறேன். அதனால் குழாயை ஒட்டி மதிலில் சாய்ந்துகொண்டு, படம் முடியும்வரை காத்துக்கொண்டிருப்பாள்.

துளி ஒரு குண்டுக் கண்ணாடி. பின்னால் இருப்பதையெல்லாம் தலைகீழாக உள்ளே வாங்கிக்கொள்ளும். மதில், குழாய், அதற்கு மேலே ஒரு துண்டு வானம், எல்லாம் கடுகளவாக உள்ளே போய்விடும். அவற்றோடு அம்மாவும். படத்தில் பின்புலம் முழுவதும் பச்சைக் கலங்கலாக இருக்கும். அதில் ஆள் இருப்பதே தெரியாது. துளிக்குள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. அவளுக்கு அப்போது வீட்டில் உடுத்த இருந்தவை இரண்டு சேலைகள். இரண்டுமே ஆரஞ்சு, பச்சைக் கரை. முகாமில் கொடுத்தவை.

"அம்மா, தள்ளி நில்லும்மா. உள்ள தெரியுற."

"எங்கிட்டுத் தள்ளுறது? மதிலுக்குள்ளயா?"

முடிந்தவரை ஓரமாக ஒடுங்கிக்கொள்வாள். அப்படியும் விழுவாள். கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஆரஞ்சுப் பொட்டு விழுந்ததையெல்லாம் அங்கேயே அழித்துவிடுவேன். மெமரி கார்டில் இடம் கொஞ்சம். நல்லதற்கு இடம் வேண்டுமே. எனக்கு அப்போது சுத்தமான துளி வேண்டும். வானமும் இலையும் மட்டும் தெரிகிற துளி. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அப்படித்தான் இருந்தது.

மூன்று நான்கு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. பிற்பாடு நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையிலேயே அலுப்பில்லாமல் போன நாட்கள் அவைதான். குழாயில் தண்ணீர் வருகிற ஞாயிறென்றால் மட்டும் படம் கிடையாது. டிரம்மெல்லாம் நிரம்பிய பிறகுதான் அவள் வாய்த் தண்ணீரைச் செலவழிப்பாள்.

டிரம் என்றதும் பாய் ஞாபகம் வருகிறார். கடைவீதியில் பாத்திரமும் பிளாஸ்டிக் டிரம்மும் விற்றவர். சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். ஊரில் குழாய் ஒழுங்காக வந்திருந்தால் தன் பிழைப்பு நாறிப்போயிருக்கும் என்று அவரே சொல்வார். ஒரு வருஷம் ஐப்பசி மழையில், கடைக்கு லைசென்ஸ் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தவர், சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த ஒரு துளிப் படத்தைப் பார்த்தார்.

"இது எங்க எடுத்தது, மெயின்லேண்டா?"

"எங்க வீட்டு சந்துல பாய்."

"சச்? நெசமாவா?" என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டப் போனார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொன்னார். வருஷாவருஷம் வாடிக்கைக்காரர்களுக்குக் காலண்டர் கொடுக்க வேண்டும். "பிள்ளையார் போட்டா ஒருத்தனுக்கு ஆகாது. மக்கா போட்டா இன்னொருத்தனுக்கு ஆகாது. மாதா போட்டா மூணாவது ஆளு வந்து நிப்பான். பொம்பள படம் போட்டேன்னு வையி, எங்க வீட்டுலயே பானி பந்த், குடிக்கத் தண்ணி கெடைக்காது. அதான் அஞ்சு வருஷமா பனிமலை போடுறேன். எனக்கே குளுருதுப்பா. தண்ணி புடிக்கிற டிரம் விக்கிறவன் தண்ணி படம் குடுக்கலாம்ல?"

பத்துப் படங்களை சி.டி.யில் போட்டுக் கொடுத்தேன். பத்தும் சுத்தம் என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து சிவகாசிக்கு அனுப்பி, அச்சாகி, டிசம்பர் கடைசிக் கப்பலில் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கட்டைப் பிரித்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். பார்த்ததும் எனக்கு முகம் செத்துப்போயிற்று. பெரணி நுனியில் துளி, துளிக்குள் ஆரஞ்சுப் பொட்டு. அழிக்கத் தவறிய ஒன்று எப்படியோ சி.டி.க்குள் ஏறியிருக்கிறது.

"பாய், பத்துல இதையா எடுத்தீங்க?"

"மத்ததெல்லாம் வெறும் தண்ணிப்பா. இதுல உள்ள என்னமோ இருக்கு."

வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அட்டையில் படம் பெரிதாக இருந்தது, கீழே கிழிக்கிற தேதித்தாள். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"இது நாந்தானே?"

"எதும்மா?"

"இந்தா. சட்டியக் கவுத்த மாதிரி நிக்கிறேனே."

"வெறும் கலரும்மா அது. நீதான்னு எப்படிச் சொல்ற?"

"ஏஞ் சேல எனக்குத் தெரியாதா? இடுப்புல கைய வச்சு நிக்கிறேன் பாரு."

நான் நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்து, ஒரு தோளை மதிலில் சாய்த்து, இவன் எப்போது முடிப்பான் என்று நிற்கிற அலுத்த நிற்பு. முகம் என்று ஒன்றும் இல்லை, ஒரு புள்ளி. ஆனாலும் அவள்தான். அவளைத் தவிர வேறு யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். எத்தனையோ முறை திரையில் பார்த்து, ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. எனக்கு அது படத்தில் விழுந்த கறையாக மட்டுமே தெரிந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"எத்தன அடிச்சிருக்காரு பாய்?"

"ஆயிரம்."

"அம்மாடி. ஆயிரம் வீட்டுலயும் நானா." சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தனக்குத்தானே சொல்வதுபோல, "இனிமே எங்க போகச் சொல்லப் போறாங்களோ" என்றாள்.

"தலைகீழா நிக்கிற படமெல்லாம் கணக்குல வராதும்மா" என்று சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அந்த வருஷம் நான் போகிற இடமெல்லாம் அவள் இருந்தாள். டீக்கடையில், மருந்துக் கடையில், ஹார்பர் டிக்கெட் கவுண்டரில். குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டுக்குக் காதுகுத்து எடுக்கப் போனேன்; அங்கே பிரிட்ஜுக்கு மேலே தொங்கினாள். படமே பிடிக்க விடாதவள் ஊர் முழுக்க இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், ஒருவருக்கும் தெரியாது. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஓர் ஆளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொல்லவில்லை.

ஆனி மாதம் வந்தது. ஸ்டுடியோவில் வேலை குறைந்துகொண்டே போனது. ஜெராக்ஸ் கடைகளிலேயே பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தாதா கொல்கத்தாவில் மகனோடு போய் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சென்னையில் ஆல்பம் வேலை ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா? இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். அந்த வயதில் வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அம்மா சமையலறையில் இருந்தபோது போய்ச் சொன்னேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு. அங்கே ஆஸ்பத்திரி வசதி, இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர், சொந்தக்காரர்கள் பக்கம் என்று அடுக்கினேன். அவள் நான் சொல்வதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். என் தலைக்கு மேலே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று விட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பக் கப்பல்?"

மலையிலிருந்து கிளம்பியபோதும், மண்டபத்திலும், கட்சால் படகுத்துறையிலும் அவள் கேட்டது இதையேதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் கேட்டது அதிகாரிகளிடம். இந்த முறை போகச் சொன்னவன் நான்.

கிளம்புகிற நாள் செடி டப்பாக்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். டிரம்களை பாயே திருப்பி எடுத்துக்கொண்டார். கப்பல் டிக்கெட்டுக்கு அவளிடம் படம் போட்ட அட்டை எதுவும் இல்லை; கவுண்டரில் இருந்தவர் என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்தான், ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீடு காலியான பிறகு கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். சமையலறையில் காலண்டர் மட்டும் ஆணியில் இருந்தது. கழற்றக் கையை நீட்டினேன்.

"அத விடு தம்பி."

"உன் படம்தானேம்மா. என்கிட்ட வேற ஒன்னும் இல்ல."

"எம் படம்னாலதான் சொல்றேன். ஒவ்வொரு வாட்டியும் வழிச்சுத் தொடச்சு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தானே கெளம்புனோம். ஒருத்தியாச்சும் இங்கன இருந்துட்டுப் போகட்டும்."

விட்டுவிட்டேன். பாயிடம் கேட்டால் இன்னொன்று கொடுத்திருப்பார். கேட்க நேரமில்லை, கப்பலுக்கு ஜனம் அலைமோதியது, ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் அவள் இரண்டு வருஷம் இருந்தாள். மூன்றாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனாலும் வாளியில் பிடித்து வைத்துக்கொண்டே இருப்பாள். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுவதைப் பார்த்து, "இந்த ஊருல ஒன்னும் முளைக்காது" என்றாள். அதற்கப்புறம் நான் துளி எதையும் படம் எடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். துளி வைக்க வா என்று அவளைக் கூப்பிட எனக்கு முகமில்லை என்பதுதான் நிஜம்.

அவள் போன பதினாறாம் நாள், படம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். நாற்காலியில் அந்த ஆரஞ்சுச் சேலையை மடித்து வைத்து, முன்னால் விளக்கை ஏற்றினோம். போட்டோகிராபர் வீட்டில் ஒரு போட்டோ இல்லையா என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கேட்டதில் தப்பில்லை.

அன்று சாயங்காலமே பாய்க்குப் போன் போட்டேன். அவர் காலமாகிவிட்டிருந்தார். கடையில் இப்போது போன் கவர் விற்கிற மகன் பேசினார். நல்ல பிள்ளை. கிடங்கில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. "பழைய காலண்டர யாருண்ணே வச்சிருப்பாங்க, பொட்டலம் மடிக்கவும் புக்கு அட்டை போடவும் போயிருக்கும்" என்றார். லம்பா லைனுக்கும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தகர வீடு இல்லை, சந்து இல்லை. அடியிலிருந்து கான்கிரீட் எழும்பிவிட்டது. மதில் இருந்த இடத்தில் படிக்கட்டு. என்னிடமிருந்த சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். அந்தமான் பூஞ்சை அதையும் விடவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தாதா கொல்கத்தா போய்விட்டார். அரிசி டின்னிலிருந்த லென்ஸ், வீடு மாற்றிய களேபரத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மகள் பால்கனியிலிருந்து உள்ளே வந்தாள். துண்டை இன்னும் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என்னவோ தோன்றியிருக்கிறது. "கோவமாப்பா? அந்தப் படம் போகலப்பா. அழிச்சது முப்பது நாளைக்குக் குப்பைத்தொட்டியில இருக்கும். வேணும்னா எடுத்துத் தரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். லுங்கியும் தொப்பையும் எங்கேயும் போய்விடாது.

தாதாவின் கேமராவில் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழிந்ததுதான். அதற்காகவே, ஒவ்வொரு படத்துக்கும் அழிக்கட்டுமா என்று ஒருமுறை கேட்கும். மூன்று நான்கு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மாவை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக் காட்டி அது கேட்டது. நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று அழுத்தினேன்.